போர்ம் ஒன்லைன்ல, ஆள் பஸ்ல

2023 ஜூன் 15ஆம் திகதி ஹோமாகம பிரதேச செயலகத்துல ஒரு வைபவம் நடந்துச்சு. இனிமே பாஸ்போட் எடுக்க யாரும் பத்தரமுல்லைக்கு அலைய வேண்டாம், இருந்த இடத்துல இருந்தே ஒன்லைன்ல விண்ணப்பம் போடலாம், மூணே நாள்ல கூரியர்ல வீடு தேடி வரும்னு அறிவிச்சாங்க. கேக்கவே நல்லா இருந்துச்சு.

ரத்தோட்டைக்கு மேல, மலையில ஏறிப் போற தோட்டத்து லயத்துக்குக் கூரியர்காரர் எப்படி வந்து சேருவார்னு மட்டும் யாரும் கேக்கல.

(லயத்து விலாசம் எழுதிப் பழகினவங்களுக்கு இது விளங்கும். தோட்டத்துப் பேர், டிவிஷன் பேர், அதோட முடிஞ்சு போச்சு. வீட்டுக்கு நம்பர் கிடையாது, தெருவுக்குப் பேர் கிடையாது. தபால் தோட்ட ஒபிசுக்கு வரும். அங்க இருந்து யாராவது கொண்டு வந்தா உண்டு.)

திட்டம் நல்ல திட்டம்தான். அதுல சந்தேகமே வேண்டாம். அதுக்கு முந்தி எப்படி இருந்துச்சுன்னு மாத்தளையில எந்த வீட்டுல கேட்டாலும் ஒரு கதை வரும். அவசரம்னா ஒருநாள் சேவை. அதுக்கு ராத்திரியே பஸ் ஏறணும். 140 கிலோமீற்றர் அளவுக்கு ஓட்டம். விடியுறதுக்குள்ள பத்தரமுல்லை சுஹுருபாய கட்டடத்து வாசல்ல நிக்கணும். கைக்குழந்தைன்னா பால் போத்தல், பெரியவங்கன்னா மருந்து, எல்லாருக்கும் ஒரு சோத்துப் பார்சல். அவசரமில்லாதவங்களுக்குக் கண்டியில பிராந்திய அலுவலகம் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. மாத்தளையில இருந்து கண்டி பக்கம்தான். ஆனா லக்கலயில இருந்தோ வில்கமுவவுல இருந்தோ வாறவருக்கு மாத்தளையே ஒரு நாள் பயணம்.

அப்ப ஒன்லைன் வந்ததுக்குப் பிறகு என்ன மாறிச்சு?

படி படியாப் பாப்போம். முதல்ல ஸ்டூடியோ. சும்மா படம் பிடிச்சு ஒட்டுற காலமெல்லாம் 2015ஓட போயிருச்சு. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரிச்ச ஸ்டூடியோவுலதான் படம் எடுக்கணும். அவங்களே படத்தை நேரா திணைக்களத்துக் கொம்பியூட்டருக்கு அனுப்பிட்டு, உங்க கையில ஒரு சிட்டை தருவாங்க. அதே 2015 ஓகஸ்டுலதான் கைவிரல் அடையாளமும் கட்டாயம் ஆச்சு. ரெண்டாவது, போர்ம். கே 35 ஏன்னு ஒரு பேர் அதுக்கு. கடதாசியில இருந்த அதே கேள்விகள்தான் இப்ப திரையில. மூணாவது, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தணும். காசு கட்டணும். 2024 பெப்ரவரியில இருந்து சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000. அதுக்குப் பிறகுதான் வருது பாருங்க அசல் விஷயம்: கைவிரல் அடையாளம் குடுக்க ஒரு பிரதேச செயலகத்துக்கு நேர்ல போகணும்.

எந்தப் பிரதேச செயலகம்? நாட்டுல இருக்குறது 330க்கு மேல. தொடங்கும்போது இந்த வேலைக்குத் தெரிவானது 51. அதை 25 மாவட்டத்துக்குப் பிரிச்சா, ஒரு மாவட்டத்துக்கு ரெண்டு தேறும். மாத்தளை மாவட்டத்துல மட்டும் 11 பிரதேச செயலகம் இருக்கு. மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டை, யட்டவத்தை, பள்ளேபொல, நாவுல, தம்புள்ளை, கலேவெல, அம்பன்கங்கை கோறளை, லக்கல பள்ளேகம, வில்கமுவ. ஒவ்வொரு பேரையும் சொல்லிப் பாருங்க. நக்கிள்ஸ் மலைக்கு இந்தப் பக்கம் சிலது, அந்தப் பக்கம் சிலது. பஸ் ரூட் தெரிஞ்சவங்களுக்கு, பக்கத்துச் செயலகத்துக்குப் போறதே எப்படிப்பட்ட வேலைன்னு தெரியும்.

ஆக, போர்ம் ஒன்லைன்ல போயிருச்சு. ஆள் பஸ்லதான் போறாரு.

அந்த போர்மையும் யார் நிரப்புறாங்கன்னு பாக்கணும். அறிவிப்பு சொல்ற மாதிரி வீட்டுல, சாய்வு நாற்காலியில, மடியில லெப்டொப் வெச்சுக்கிட்டு நிரப்புற ஆள் மாத்தளையில இல்லாமல் இல்லை. ஆனா தோட்டத்துப் பக்கத்துல இருந்து வாறவங்களுக்கு அந்த வேலை நடக்குறது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கொமினிகேஷன்லதான். இந்தக் கடையை அறியாதவங்களுக்காகச் சொல்லணும். முன்னொரு காலத்துல சவூதிக்கும் குவைத்துக்கும் கோல் எடுக்கப் போன கடை. மரப்பலகைக் கூண்டுக்குள்ள போன், வெளியில மீட்டர். கைப்போன் வந்ததும் கூண்டு போச்சு, போட்டோ கொப்பி மெஷின் வந்துச்சு. பிறகு ரீலோட். இப்ப அரசாங்கத்தோட ஒன்லைன் சேவை முழுக்க அந்தக் கடையிலதான் நடக்குது. அரசாங்கம் ஒரு சதம் செலவழிக்காமல், ஒரு ஆளை நியமிக்காமல், ஊருக்கு ஊர் கிளை திறந்த மாதிரி.

கடைக்காரத் தம்பி (எல்லாக் கடையிலயும் ஒரு தம்பி இருப்பார், அவருக்கு நாப்பது வயசானாலும் தம்பிதான்) முதல்ல கேக்குறது பேரை இல்லை.

“அக்கா, இ-மெயில் இருக்கா?”

இருக்காது. அவரே ஒண்ணு திறப்பார். பேரோட பிறந்த வருஷத்தைச் சேத்து ஒரு விலாசம். பாஸ்வேர்ட் அவர் வெக்கிறதுதான். அதை ஒரு துண்டுல எழுதிக் குடுப்பார். துண்டு தொலையும்னு அவருக்குத் தெரியும், அதனால கடைக் கொப்பியிலயும் எழுதி வெப்பார். அந்தக் கொப்பியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சிவப்பு அட்டை சீ.ஆர். கொப்பி. பக்கத்துக்குப் பக்கம் பேர், அடையாள அட்டை நம்பர், இ-மெயில், பாஸ்வேர்ட், போன் நம்பர். ஒரு ஊரோட முழு அந்தரங்கமும் மேசை லாச்சிக்குள்ள. தரவுப் பாதுகாப்புக்குன்னு 2022ல பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேத்தியிருக்கு. அந்தச் சட்டம் எழுதினவங்க இப்படி ஒரு கொப்பியைக் கண்ணால கண்டிருக்க மாட்டாங்க.

அடுத்தது ஓ.டி.பி. அது போனுக்கு வரும். போன் வீட்டுக்காரர்கிட்ட. வீட்டுக்காரர் தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற இடத்துல. கோல் எடுத்துக் கேட்டா அவர் பழைய ஓ.டி.பி.யை வாசிக்கிறார். அதுக்குள்ள நேரம் முடிஞ்சு போகும். திரும்ப முதல்ல இருந்து.

இதுல சிரிக்க ஒண்ணும் இல்லைதான். ஆனா கடையில நிக்கிறவங்க எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க, ஏன்னா எல்லாருக்கும் இதே கதை.

பிறகு பேர். போர்ம் குடும்பப் பேரைக் கேக்கும். மலையகத்துல தகப்பன் பேர்தான் முன்னால நிக்கும், குடும்பப் பேர்னு தனியா ஒண்ணு கிடையாது. பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் சிங்களத்துல இருக்கும். அதுல பதிவாளர் காதுல விழுந்த மாதிரி பேர். அடையாள அட்டையில இன்னொரு மாதிரி. பள்ளிக்கூடச் சான்றிதழ்ல மூணாவது மாதிரி. கடதாசி காலத்துல கவுண்டர்ல இருக்குற உத்தியோகத்தர் மூணையும் பக்கத்துல வெச்சுப் பாத்து, “சரி, இது அதுதான்”னு ஒரு முடிவு எடுப்பார். சில நேரம் எரிஞ்சு விழுவார், ஆனா முடிவு எடுப்பார். திரைக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு எழுத்து மாறினா சிவப்புக் கோடு.

பதிவேடுகள் மேல மாத்தளைக்காரங்களுக்கு வெறுப்பு இன்னைக்கு நேத்து வந்ததில்லை. 1848 ஜூலையில, வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துத் தம்புள்ளை விகாரையில முடி சூட்டிக்கிட்ட கொங்காலேகொட பண்டாவோட ஆட்கள் மாத்தளைக்கு வந்து கச்சேரியைத் தாக்கினாங்க. வரிப் பதிவேடுகள் சிலதை அங்கேயே அழிச்சாங்க. இன்னைக்குப் பதிவேடு கொழும்புல ஒரு சேர்வர்ல இருக்கு. அழிக்கவும் ஏலாது, சில நாள் திறக்கவும் ஏலாது.

சரி, கதைக்கு வருவோம்.

இந்த ஒன்லைன் ஏன் 2023ல அவசரமா வந்துச்சுன்னா, 2022 அப்படிப்பட்ட வருஷம். நாட்டுல டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, காஸ் இல்லை. இருந்தவங்கல்லாம் வெளிய போகப் பாத்தாங்க. அந்த ஒரு வருஷத்துல மட்டும் 9 இலட்சத்துக்கு மேல பாஸ்போட் குடுத்திருக்கு திணைக்களம். முந்தின வருஷம் அதுல பாதி கூட இல்லை. வேலைக்குன்னு பதிஞ்சு போனவங்களே 3 இலட்சத்தைத் தாண்டிட்டாங்க. சுஹுருபாயவைச் சுத்தி வரிசை ராத்திரி பகலா நின்னுச்சு. அந்த ஜூலை மாசம், மலைநாட்டுல இருந்து புருஷனோட வந்து வரிசையில நின்ன ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அங்கேயே பிரசவ வலி வந்துச்சு. கடமையில இருந்த இராணுவத்தினர் உதவினாங்க, குழந்தை பிறந்துச்சு. வெளிநாட்டு வேலைக்குப் போகத்தான் அந்தப் பெண் பாஸ்போட்டுக்கு நின்னது. உலகம் பூரா அந்தச் செய்தி போச்சு. அதுக்கு அடுத்த வருஷம்தான் ஹோமாகம வைபவம்.

ஆனா வரிசை போயிருச்சான்னா, இல்லை. 2024 பிற்பகுதியில வேற ஒரு கூத்து. விண்ணப்பம் இருக்கு, காசு இருக்கு, ஆள் இருக்கு, அச்சடிக்க வெத்துப் புத்தகம் இல்லை! இ-பாஸ்போட்டுக்கு மாறப் போறோம், மாறலை, பழசுக்கு ஓடர் குடுக்கணும், குடுக்கலைன்னு இழுபட்டு, கடைசியில கையிருப்பு தீரும் நிலைமை. போர்மை ஒன்லைன்ல அனுப்பலாம். புத்தகத்தை அனுப்ப ஏலாதே.

அந்த வருஷம் நவம்பர் 6ல இருந்து இன்னொரு ஒன்லைன் வந்துச்சு. பத்தரமுல்லைக்கு நேர்ல போறதுக்கு முதல்ல ஒன்லைன்ல திகதி எடுக்கணும்னு ஆக்கினாங்க. அதாவது வரிசையில நிக்கிறதுக்கு ஒரு வரிசை. திறந்த கையோட மாசக்கணக்குத் திகதிகள் நிரம்பிப் போச்சு. ரோட்டுல நின்ன வரிசை திரைக்குள்ள போனதும் படம் பிடிக்க ஆள் இல்லாமல் போச்சு, அவ்வளவுதான். 2025 பெப்ரவரியில இருந்து பத்தரமுல்லை அலுவலகம் 24 மணி நேரமும் திறந்திருக்கத் தொடங்கின பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. கவனிச்சீங்களா? நெருக்கடியைத் தணிச்சது புது மென்பொருள் இல்லை. ராத்திரியில கவுண்டர்ல உக்காந்த ஆட்கள். அதே வருஷம் செப்டெம்பர் 1ல யாழ்ப்பாணத்துல ஒரு பிராந்திய அலுவலகம் திறந்தாங்க. அதுவும் கட்டடமும் ஆளும்தான்.

இதுல ஒரு விஷயம் மட்டும் மனசுல முள்ளா நிக்குது. இந்த நாட்டுக்குள்ள வாற வெளிநாட்டுக்காரருக்கு ஒன்லைன் விசா அனுமதி எப்ப வந்துச்சு தெரியுமா? ஈ.டி.ஏ.ன்னு சொல்றது, 2012 ஜனவரி 1. இந்த நாட்டுல இருந்து வெளிய போறவருக்கு ஒன்லைன் பாஸ்போட் விண்ணப்பம் 2023. இடையில 11 வருஷம். சீகிரியாவும் தம்புள்ளைக் குகையும் இருக்குறது மாத்தளை மாவட்டத்துல. பாரிஸ்ல உக்காந்து ஒருத்தர் பின்னேரம் நாலு சொடுக்குல அனுமதி எடுத்து சீகிரியா ஏறிப் போயிருவார். அவருக்கு அங்க இளநி வெட்டிக் குடுக்குற பையன் ஒரு பாஸ்போட்டுக்கு ராத்திரி பஸ் ஏறணும். டொலர் கொண்டு வாறவருக்கு முதல்ல கதவு திறக்கும். சரி, விளங்குது. ஆனா டொலர் அனுப்புறவங்களும் இந்தப் பையனும் இவன் அக்காமாரும்தானே? நாட்டைத் தூக்கி நிறுத்துறது மத்திய கிழக்குல இருந்து வாற காசுன்னு எல்லா மேடையிலயும் சொல்றாங்களே.

அந்த ஈ.டி.ஏ.யையும் நல்லா ஓட விட்டாங்களா, அதுவும் இல்லை. 2024 ஏப்ரல்ல அதை நிப்பாட்டிட்டு, வீ.எப்.எஸ். குளோபல் சேர்ந்த ஒரு வெளிநாட்டுக் கூட்டமைப்புக்கு விசா வேலையைக் குடுத்தாங்க. கட்டணத்தோட சேவைக் கட்டணமும் சேந்து சிலருக்கு 100 டொலரைத் தாண்டிச்சு. மே 1ஆம் திகதி கட்டுநாயக்காவுல ஒருத்தர் கோவத்துல கத்தின காணொளி ஊரெல்லாம் பரவிச்சு. அப்ப எம்.பீ.யா இருந்த சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றம் போனாங்க. ஓகஸ்ட் 2ல இடைக்காலத் தடை. தடையை நடைமுறைப்படுத்தலைன்னு செப்டெம்பர்ல குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகத்தையே விளக்கமறியல்ல வெச்சாங்க. அதுக்குப் பிறகு ஓரிரு நாள்ல பழைய ஈ.டி.ஏ. திரும்பி வந்துச்சு. பன்னிரண்டு வருஷமா ஓடின ஒண்ணை மாத்தப் போய்ப் பட்ட பாடு.

நம்ம நாட்டுலதான் இப்படின்னு நினைச்சு மூக்கால அழ வேண்டாம். அமெரிக்காவுல நடந்ததைக் கேளுங்க. குடிவரவு போர்ம் எல்லாத்தையும் கடதாசியில இருந்து கொம்பியூட்டருக்கு மாத்துறதுன்னு 2005 அளவுல தொடங்கினாங்க. 2015 நவம்பர்ல வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை கணக்குப் பாத்துச்சு. பத்து வருஷம், 100 கோடி டொலருக்கு மேல செலவு. ஒன்லைன்ல நிரப்பக்கூடியதா இருந்த போர்ம் எத்தனை? ஒண்ணு. கிரீன் காட் புதுப்பிக்கிற ஐ-90. மிச்சம் 90க்கு மேல அப்பவும் கடதாசிதான். இடையில வேற ரெண்டு போர்மை ஏத்திட்டு, சரிவரலைன்னு திரும்ப இறக்கியும் இருக்காங்க.

ஆனா பாருங்க, அதே அமெரிக்கா கிரீன் காட் லொத்தரை 2003லேயே முழுக்க ஒன்லைன் ஆக்கிருச்சு. கடதாசியில அனுப்பினா எடுக்கவே மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அதனாலதான் வழக்கமா ஒக்டோபர் மாசம் பிறந்தா நம்ம கொமினிகேஷன் வாசல்கள்ல “கிரீன் காட் போர்ம் நிரப்பித் தரப்படும்”னு பலகை தொங்கி வந்துச்சு. லொத்தர் சின்ன போர்ம், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அதனால சுகமா மாறிச்சு. ஒரு ஆளோட வாழ்க்கையை ஆராய்ஞ்சு முடிவு சொல்ற போர்ம் அவ்வளவு சுகமா மாறாது. கேள்வியை ஒன்லைன்ல கேக்கலாம், பதிலைச் சரி பாக்குறதுக்கு ஆள் வேணும்.

இந்தியா போற கதை இன்னும் ருசியானது. இலங்கையருக்கு இ-விசா வந்தது 2015 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்னைக்கு. அதுக்கு முந்தின மாசம் மோடி கொழும்புக்கு வந்தப்ப அறிவிச்சது. திருச்சி, பழனி, வேளாங்கண்ணின்னு போற மாத்தளைக்காரங்களுக்கு நல்ல வசதி. கண்டிக்குப் போய் கடவுச்சீட்டைக் குடுத்துட்டுக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். ஆனா போர்ம் நீளம். படம் சதுரமா இருக்கணும், பின்னால வெள்ளை. பாஸ்போட் பக்கத்தை பி.டி.எப். ஆக்கணும், 300 கிலோபைட்டுக்கு மேல போகக் கூடாது, 10க்குக் கீழ போகக் கூடாது. கொமினிகேஷன் தம்பிக்கு இதுல தனித் திறமை. “கொஞ்சம் சுருக்கணும்”னு சொல்லிக்கிட்டே இலவச இணையத்தளம் ஒண்ணுல உங்க பாஸ்போட்டைத் தூக்கிப் போட்டு, சுருக்கி எடுத்துருவார். (அந்த இணையத்தளம் எந்த நாட்டுலன்னு கேக்காதீங்க.)

அந்த போர்ம்ல ஒரு கேள்வி: உங்க தகப்பன், தாய், தாத்தா, பாட்டி யாராவது பாகிஸ்தான் பிரஜையா இருந்தாங்களா? ரத்தோட்டைப் பக்கத்துல கொழுந்து பறிச்ச பாட்டியோட பேத்தி, இல்லைன்னு ஒரு தட்டுத் தட்டுவா. அவளுக்குத் தெரியாது, அந்தப் பாட்டியோட தலைமுறைக்கு 1949ல இலங்கை போட்ட சட்டத்தோட பேரே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம்னு.

மலையகத்தாருக்கும் குடிவரவு போர்முக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு பழசு. இந்த மாத்தளை ஊடாத்தான் அவங்க வந்தாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல மன்னார்ல இறங்கி, காட்டு வழியா நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு. வழியில காய்ச்சல்லயும் வாந்திபேதியிலயும் செத்தவங்க எத்தனையோ பேர். அப்ப போர்ம் கிடையாது, கங்காணி சொன்ன கணக்குதான். பிறகு அந்தக் காட்டுவழி மூடி, கப்பலும் ரயிலும் வந்த காலத்துல, 1900களின் தொடக்கத்துல தகரத் துண்டு வந்துச்சு. தோட்டத்தைக் குறிக்கிற அடையாளம் பொறிச்ச சின்னத் தகடு. கயித்துல கட்டிக் கழுத்துல போட்டுக்கணும். அதைக் காட்டினா எந்தத் தோட்டத்துக்குன்னு உத்தியோகத்தர் அறிஞ்சு அனுப்பி வெப்பார். எழுதப் படிக்கத் தெரியத் தேவையில்லை. ஆளையே போர்ம் ஆக்கிட்டா அப்புறம் என்ன சிக்கல்!

வரும்போது எந்தக் கடதாசியும் கேக்காதவங்க, இருந்ததுக்குப் பிறகு கேட்டாங்க. 1949 சட்டப்படி கலியாணம் முடிச்சவங்க 7 வருஷம், முடிக்காதவங்க 10 வருஷம், 1946 ஜனவரிக்கு முந்தித் தொடர்ச்சியா இங்க இருந்ததை நிரூபிக்கணும். கடைசித் திகதி 1951 ஓகஸ்ட் 5. லயத்துல பிறந்து, லயத்துல வளந்து, கைநாட்டு வெக்கிறவங்ககிட்ட எழுத்துல ஆதாரம் கேட்டா எங்க போவாங்க? தோட்டத்துச் செக்ரோல்ல பேர் இருந்தா உண்டு. 8 இலட்சத்துக்கு மேற்பட்டவங்களுக்காக விண்ணப்பம் போனதுல, ஏத்துக்கிட்டது 1 இலட்சத்து 34 ஆயிரம் அளவுதான். நாடற்றவங்களா நின்னவங்களை வெச்சுத்தான் 1964 ஒக்டோபர் 30ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆளுக்கு இத்தனைன்னு பிரிச்சாங்க. 5 இலட்சத்து 25 ஆயிரம் அங்க, 3 இலட்சம் இங்க. அதுக்கும் போர்ம்தான். எந்தப் பெட்டியில விழுந்துச்சுங்கிறதைப் பொறுத்து அண்ணன் தலைமன்னார்ல கப்பல் ஏறினார், தம்பி உக்குவளையில நின்னுட்டார்.

இப்ப 2003ஐப் பாருங்க. அந்த வருஷம் 35ஆம் இலக்கச் சட்டம் வந்துச்சு, மிஞ்சியிருந்த நாடற்றவங்களுக்குப் பிரஜாவுரிமை குடுக்க. அதை எப்படி நடைமுறைப்படுத்தினாங்க? எல்லாரும் கொழும்புக்கு வாங்கன்னு சொல்லல. ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயமும் மலையகத் தொழிற்சங்கமும் அரசாங்கமும் சேந்து நடமாடும் முகாம் போட்டாங்க. மேசை, கதிரை, போர்ம், பேனை, விளங்கப்படுத்த ஒரு ஆள், கையெழுத்து வெக்க ஒரு சமாதான நீதவான். பத்து நாள். 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர். முழுக்க முழுக்கக் கடதாசி! ஒரு மவுஸ் சொடுக்கு இல்லாமல், அம்பது வருஷம் இழுபட்ட வேலை பத்து நாள்ல நடந்துச்சு.

கடதாசியா கொம்பியூட்டரான்னு நம்ம அடிபடுறது வீண். யார் யாரைத் தேடிப் போறாங்கங்கிறதுதான் கணக்கு. 2003ல போர்ம் ஆளைத் தேடி வந்துச்சு. 2023ல போர்ம் வானத்துக்கு ஏறிருச்சு, ஆள் அதைத் தேடிக் கடை கடையாப் போறார்.

இன்னொரு போர்மையும் சொல்லாமல் விட ஏலாது. வெளிநாட்டு வேலைக்குப் போற பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கைன்னு 2013ல ஒண்ணு கொண்டு வந்தாங்க. அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தா போக ஏலாது. 2022 நெருக்கடி வந்ததும் அந்த அஞ்சு ரெண்டாச்சு. (டொலர் தேவைப்பட்டா பிள்ளைகள் சீக்கிரம் வளந்துருவாங்க போல.) அந்த அறிக்கையைக் கிராம உத்தியோகத்தர் (ஜீ.எஸ்.) பாக்கணும், பிரதேச செயலகத்துல இருக்குற அபிவிருத்தி உத்தியோகத்தர் பாக்கணும், பிரதேச செயலாளர் கையெழுத்து வேணும். புருஷனோட சம்மதமும் வேணும்னு கேட்ட காலம் உண்டு. ஆம்பிளை போறதுன்னா இப்படி ஒரு அறிக்கையே கிடையாது. பாஸ்போட்டை ஒன்லைன்ல வாங்கினாலும், அந்தப் பாஸ்போட்டைப் பிடிச்சுக்கிட்டு விமானம் ஏறணும்னா இந்தப் படிகளையும் ஏறி இறங்கணும். ஜீ.எஸ். மீட்டிங்ல இருக்கார், நாளைக்கு வாங்க. நாளைக்குப் போனா அவர் பீல்ட்ல.

நடமாடும் சேவைங்கிறது நம்ம நாட்டுக்குப் புதுசில்லை. பாடசாலை மண்டபத்துலயோ, கோயில் முற்றத்துலயோ நாலு மேசை போட்டு அடையாள அட்டை விண்ணப்பமும் பிறப்புச் சான்றிதழும் செய்து குடுக்குற வழக்கம் பிரதேச செயலகங்களுக்கு எப்பவும் உண்டு. பேர் பிழைச்சிருந்தா அந்த இடத்துலயே பதிவாளர் இருப்பார், கிராம உத்தியோகத்தர் இருப்பார், ஆளைப் பாத்து அடையாளம் சொல்ல ஊர்ச்சனமும் இருக்கும். கைவிரல் அடையாளம் எடுக்குற கருவி பெரிய மெஷின் இல்லை, மேசையில வெக்கிற சின்னச் சாமான். ஒரு லெப்டொப், அந்தக் கருவி, சிங்களமும் தமிழும் தெரிஞ்ச ரெண்டு உத்தியோகத்தர். இவ்வளவையும் ஒரு வேன்ல ஏத்தினா, மாசத்துக்கு ஒருக்கா எல்கடுவைக்கும் கம்மடுவைக்கும் லக்கலைக்கும் போயிட்டு வந்துரலாம். சம்பள நாளைக்கு அடுத்த நாளா இருந்தா இன்னும் நல்லது, காசும் கையில இருக்கும்.

கொமினிகேஷன் தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போகணும். போர்ம் அவருக்குத்தான் மனப்பாடம்.